வெறும் வயிற்றில் எடுத்த ரத்தம்

எங்கள் ஊர் ஸ்கூலில் எலும்பு முகாம் போட்ட அன்று காலையில் ஊர்ப் பெண்கள் யாரும் காபி குடிக்கவில்லை. விடிந்ததும் வந்துவிட வேண்டும், வெறும் வயிற்றோடு வரவேண்டும் என்று முதல் நாளே ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். பால் கறந்து, சாணி வாரி, வாசல் தெளித்து, ஆண்களுக்கெல்லாம் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு, நாங்கள் பச்சைத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய் வரிசையில் நின்றோம். காபி குடிக்காத பெண்களை வரிசையாக நிறுத்தினால் என்ன நடக்கும் என்று அந்த ஆஸ்பத்திரிக்காரர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. யார் முன்னால் வந்தது என்று முதல் டேபிளிலேயே சண்டை வந்துவிட்டது.

சண்டையை நிறுத்தத்தானோ என்னவோ, டாக்டர் எழுந்து பேசினார். பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். எலும்பைக் கல் என்று நினைக்காதீர்கள், அது தினமும் கொஞ்சம் இடிந்து, தினமும் கொஞ்சம் கட்டிக்கொள்கிறது என்றார். வீட்டை இடித்துக் கட்டும்போது இடித்த மண் தெருவில் கிடப்பதுபோல, எலும்பு இடிந்த தூள் ரத்தத்தில் கிடக்கும், அதை வைத்து எவ்வளவு இடிகிறது என்று சொல்லிவிடலாம் என்றார். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு இடிப்பது கூடிவிடும், கட்டுவது பின்தங்கிவிடும். சாப்பிட்டுவிட்டு வந்தால் கணக்கு மாறும், அதனால்தான் உங்களைப் பட்டினி போட்டேன் என்று சிரித்தார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்திருந்தது. என் முதுகுக்குள் யாரோ கடப்பாரை போடுகிறார்கள் என்று நானே பல நாள் நினைத்ததுண்டு.

எனக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. குனிந்து ஒரு குடம் தூக்கினால் இடுப்புக்கு மேலே பிடித்துக்கொள்ளும். ரவிக்கை முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதே என்று தையல்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ரவிக்கையில் ஒன்றுமில்லை, நான்தான் வளைந்துகொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. நர்ஸ் பேர் கேட்டார், வயசு கேட்டார். பிறகு, ஊருக்கே கேட்கிற குரலில், தீட்டு வருதா நின்னுபோச்சா என்று கேட்டார். நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் இரண்டு பேர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். எனக்குப் பின்னால் என் ஓர்ப்படி நின்றாள். ஓர்ப்படி என்றால் என் கொழுந்தனார் பெண்டாட்டி. அவளுக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை, நாற்பது தாண்டியவர்களுக்கான முகாமில் அவளுக்கு வேலை இல்லை, எனக்குத் துணைக்கு வந்தவள். அவளும் காபி குடிக்காமல்தான் வந்திருந்தாள். நான் மட்டும் பட்டினி கிடக்க வேண்டாமாம்.

"வருதுங்க" என்றேன்.

பொய். எனக்கு நின்று மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

ஏன் சொன்னேன் என்று புரியவேண்டுமானால் எங்கள் வீட்டைச் சொல்லவேண்டும். தியாகதுருகத்திலிருந்து உள்ளே பிரிகிற ரோட்டில் எங்கள் ஊர். கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். வீட்டுக்காரர், கொழுந்தனார், மாமியார், ஓர்ப்படி, நான், எல்லோருக்கும் ஒரே அடுப்பு. வீட்டுக்குத் தூரமான பெண் மூன்று நாள் அடுப்பங்கரைக்குள் வரக்கூடாது, மாட்டைத் தொடக்கூடாது, விதை நெல் பக்கம் போகக்கூடாது. கொல்லைப்பக்கம் உர மூட்டை போட்டுவைக்கிற அறையில் ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. எனக்கு அந்த மூன்று நாள் வந்தால் என் வேலையையும் சேர்த்து ஓர்ப்படி செய்வாள், அவளுக்கு வந்தால் நான் செய்வேன். இந்தக் காலத்தில் இதெல்லாமா என்று கேட்பவர்கள் கேட்கலாம். எங்கள் தெருவில் பாதி வீட்டில் விட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் விடவில்லை. உண்மையைச் சொன்னால், விடாமல் பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

ஏனென்றால் வருஷம் முழுக்க நான் காலை நீட்டிப் படுத்தது அந்த உர மூட்டை அறையில் மட்டும்தான். யூரியா வாடையில் கண் எரியும், ஆனால் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டால் தீட்டு. அங்கே உட்கார்ந்துதான் படித்தேன், அங்கேதான் எழுதப் பழகினேன். பத்திரிகையில் வந்த என் முதல் கதை முழுக்க அந்த அறையில் எழுதியது. ஓர்ப்படி வாசலுக்கு வெளியே நின்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு, "எழுது எழுது" என்று கேலி செய்துவிட்டுப் போவாள்.

அப்படியிருக்கும்போது நாற்பத்தொன்றில் எனக்கு நின்றுபோனது. இரண்டு மாதம் தள்ளிப்போனதும் பயந்து, மெடிக்கலில் அட்டை வாங்கிப் பார்த்தேன், குழந்தை இல்லை. பிறகு ஒரு முறை வந்தது, அப்புறம் வரவேயில்லை. எங்கள் தெருவில் சீக்கிரம் நின்றுபோன ஒருத்தியைப் பற்றி என் மாமியார் முன்பு பேசியது காதிலேயே இருந்தது. காய்ஞ்ச காடு, அவளாண்ட இன்னா இருக்குது என்றிருந்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, வாய்க்கு வந்ததைச் சொன்னார். ஆனால் எனக்கு நின்றபோது அந்தச் சொல்தான் முதலில் வந்து நின்றது. மாமியாருக்கே ஐம்பதுக்கு மேல்தான் நின்றதாம், அதைப் பெருமையாகச் சொல்வார். நான் நாற்பதிலேயே முடிந்துபோனவள் என்று என் வீட்டுக்காரருக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தேன். அடுத்த மாதம் வழக்கமான தேதியில் பாயை எடுத்துக்கொண்டு உர மூட்டை அறைக்குப் போய்விட்டேன்.

முதல் மாதம் வெட்கம்தான் காரணம். அடுத்தடுத்த மாதங்களில் அந்த மூன்று நாளும் காரணமாகிவிட்டன. எது எவ்வளவு என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை.

நடிப்பு என்றால் அப்படியொரு நடிப்பு. மெடிக்கலில் பேப்பர் சுற்றி நாப்கின் பாக்கெட் வாங்குவேன். ஒரு சொட்டுக் கறை இல்லாத வெள்ளைப் பஞ்சைப் பிரித்துச் சுருட்டிக் கொல்லையில் போட்டு எரிப்பேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகுவேன். தேதி ஒரே மாதிரி வந்தால் சந்தேகம் வருமென்று இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளிவைப்பேன். ஆடிக் கூழுக்கும் பொங்கலுக்கும் எனக்கு ஒருமுறைகூடத் தூரம் வராது. உனக்கு மட்டும் சாமி நாள் பார்த்து வராம இருக்குதே அக்கா, குடுத்துவெச்சவ நீ என்று ஓர்ப்படி ஒருமுறை சொன்னாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அவளுக்குப் பாவம், கூழ் ஊற்றுகிற அன்றைக்குத்தான் வந்து தொலையும்.

முகாமில் எடுத்த ரத்தத்தைப் பற்றி நான் மறந்தேபோயிருந்தேன். ஒரு வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது, கள்ளக்குறிச்சிக்கு வரச் சொல்லி. போனை எடுத்தது என் வீட்டுக்காரர். கரும்புக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தவர் சேற்றுக் காலோடு வந்து, இன்னாவோ கூப்பிடறாங்க, நானும் வரேன் என்றார். வேண்டாம் என்றேன். நீ தனியா பஸ்ல போயி முதுகை உடைச்சிக்கினு வரவா என்று வண்டியை எடுத்தார்.

டாக்டர் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். ரத்தத்தில் எலும்பு கரைவதைக் காட்டுகிற அளவும் மேலே இருந்தது, கட்டுவதைக் காட்டுகிற அளவும் மேலே இருந்தது. கரைவது ரொம்பவே மேலே. இதே அளவு மாதவிலக்கு நின்றவர்களுக்கு வந்திருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை, அவர்களுக்கு இப்படித்தான் வரும், ஆனால் இவங்களுக்கு இன்னும் வருகிறது என்று எழுதியிருக்கிறதே என்றார். பேப்பரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"மாசாமாசம் கரெக்டா வருதாம்மா?"

நான் வாயைத் திறந்தேன். திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பதில் சொல்லிவிட்டார்.

"வர்துங்க. போன வாரங்கூட மூணு நாள் ஒதுங்கித்தான் இருந்தா."

எவ்வளவு உறுதியாகச் சொன்னார். கோர்ட்டில் சாட்சி சொல்கிறவர்கூட அவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டார். நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது. டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, அப்படியென்றால் வேறு காரணம் தேடவேண்டும் என்றார். தைராய்டு, கிட்னி, கழுத்தில் இருக்கிற இன்னொரு சுரப்பி, எல்லாவற்றுக்கும் எழுதினார். கடைசியாக, பயப்படாதீங்க, எலும்புக்குள்ளே வேற ஏதாவது இருக்கான்னு ஒரு ஸ்கேன்ல பாத்துடலாம், சேலத்துக்கு எழுதித் தரேன் என்றார்.

வேற ஏதாவது என்றால் என்ன என்று என் வீட்டுக்காரர் டாக்டரிடம் கேட்கவில்லை. வெளியே வந்து, ரத்தம் எடுக்கிற இடத்தில் நின்ற ஆளிடம் கேட்டார். அவர் என்ன சொன்னாரோ தெரியாது. திரும்பி வந்தவர் வண்டிச் சாவியைச் சட்டைப் பையில் தேடினார், அது அவர் கையிலேயே இருந்தது.

அன்றிலிருந்து வீடு மாறிவிட்டது. கேன்சர் என்ற வார்த்தையை ஒருவரும் சொல்லவில்லை, எல்லோரும் அதைத்தான் பேசாமல் பேசினார்கள். காய்ந்த காடு என்று பேசின என் மாமியார் விளக்கெண்ணெயைச் சுடவைத்து எடுத்துவந்து என் முதுகில் தேய்த்தார். ஓர்ப்படி என்னை அடுப்புப் பக்கமே விடவில்லை. சாணி, பால், சோறு, தோட்டத்து ஆட்களுக்குக் காபி, எல்லாம் அவள் தலையில். என் வீட்டுக்காரர் என்னோடு சண்டை போடுவதை நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. குழம்பில் உப்பு கம்மி என்றாவது ஒரு சத்தம் போடுவார், அதையும் விழுங்கிச் சாப்பிட்டார்.

ஒரு வாக்கியம் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். எனக்கு நின்னுபோச்சு. இரண்டே வார்த்தை. கதை எழுதுகிறேன், பக்கம் பக்கமாக எழுதுகிறேன், இந்த இரண்டு வார்த்தை வாயில் வரவில்லை. நாள் ஆக ஆக இன்னும் கஷ்டமானது. முதலில் சொல்லியிருந்தால் வெட்கம் மட்டும்தான். இப்போது சொன்னால், இத்தனை நாள் இவர்களை அழவிட்டு வேடிக்கை பார்த்தவள் என்றாகும்.

சேலத்தில் ஒரு மாதம் கழித்துத்தான் நாள் கொடுத்திருந்தார்கள், அதற்குள் என் அடுத்த தேதி வந்தது. ஒதுங்காமல் இருந்தால் கேட்பார்கள். சேலத்துக்குப் போகிற பயத்திலும் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு உர மூட்டை அறைக்குப் போனேன். எழுத்து ஓடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மத்தியானம் அறை வாசலில் நிழல் தட்டியது. என் வீட்டுக்காரர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த மூன்று நாளில் அவர் அந்தப் பக்கம் வந்ததேயில்லை. உள்ளே வராமல், என்னையும் பார்க்காமல், நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஜாஸ்தியா போவுதா?"

இல்லை என்று தலையாட்டினேன். சத்தமாச் சொல்லு என்றார். இல்லைங்க என்றேன். எதுன்னாலும் என்னாண்ட மறைக்காத என்று சொல்லிவிட்டுப் போனார். நான் அன்று சாப்பிடவில்லை. தட்டு அப்படியே திரும்பிப் போனதைப் பார்த்து ஓர்ப்படி கொல்லையில் நின்று அழுததைக் கேட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், கிளம்பு, மலைக்குப் போயிட்டு வந்துடலாம் என்றார் வீட்டுக்காரர். கல்வராயன் மலையில் முடவாட்டுக்கால் கிழங்கு கிடைக்கும், சூப்பு வைத்துக் குடித்தால் எலும்புக்கு நல்லது என்று உழவு ஓட்ட வந்தவர் சொல்லியிருந்தார். செவ்வாய்க்கிழமை சேலத்துக்குப் போகவேண்டும். அதற்குள் கிழங்கு எலும்பை என்ன செய்துவிடும் என்று நான் கேட்கவில்லை. அவருக்கு ஏதாவது செய்யவேண்டியிருந்தது, எனக்கு அது தெரிந்தது.

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி, மலை ரோட்டில் வண்டி ஏறியது. எப்போதும் வண்டியைப் பறக்கவிடுகிற மனுஷர். அன்று ஒவ்வொரு பள்ளத்துக்கும் கிட்டத்தட்ட நிறுத்தி, காலை ஊன்றி, இறக்கி ஏற்றினார். ஒவ்வொரு முறையும் வலிக்குதா என்று கேட்டார். பின்னால் வந்த மரவள்ளிக் கிழங்கு லாரிக்காரன் ஹாரன் அடித்தே ஓய்ந்துபோனான், திட்டிவிட்டுக் கடந்து போனான். என் வீட்டுக்காரர் திருப்பித் திட்டவில்லை. வலிக்குதா என்றார் மறுபடி.

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை. சட்டை முதுகில் வேர்வை மட்டும் தெரிந்தது. முகம் தெரியாததால்தான் அந்தச் சொல் வாயில் வந்தது என்று நினைக்கிறேன்.

"எனக்கு வரதில்லைங்க" என்றேன் அந்த முதுகிடம்.

அவருக்குப் புரியவில்லை. எது வரதில்லை என்றார். தூரம் வரதில்லை, நின்னுபோச்சு, மூணு வருசத்துக்கு மேல ஆவுது என்றேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். பாய், பஞ்சு, தேதி, முகாமில் சொன்ன பொய், டாக்டர் முன்னால் ஆட்டிய தலை. வண்டி அடுத்த வளைவு வரைக்கும் போனது. அங்கே ஓரத்துக் கட்டைச் சுவர் பக்கம் நிறுத்தினார். இறங்கவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு இரண்டு கையாலும் ஹேண்டில் பாரைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். கீழே அணைத் தண்ணீர் தெரிந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப கேன்சரு இல்லியா?" என்றார்.

இருக்காது, டாக்டரே சொன்னாங்க இல்ல, நின்னவங்களுக்கு இப்படித்தான் வரும்னு என்றேன். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். பிறகுதான் திரும்பி என்னைப் பார்த்தார்.

"நீ சாவப் போறேன்னு நெனச்சிக்கினு இருந்தோம், அப்பகூட என்னாண்ட சொல்ல வரலியா? அவ்ளோ பயமா?"

"பயம் இல்லைங்க. வெக்கம்."

"என்னாண்ட இன்னா வெக்கம்?"

அவர் கோபப்படவில்லை, தலை குனிந்துவிட்டார். ஏதோ தப்பு தன்னுடையது என்பதுபோல. நான் செய்ததற்கு அவர் குனிந்தாரே, அந்த அவமானத்தை என்னால் எழுதிக் காட்ட முடியவில்லை. வண்டியைத் திருப்புவார் என்று நினைத்தேன். வந்தது வந்துட்டோம் என்று மேலேயே ஓட்டினார். வெள்ளிமலை ரோட்டோரம் விற்றுக்கொண்டிருந்த பெண்ணிடம் கிழங்கு வாங்கினார். ரோமம் முளைத்த ஆட்டுக்கால் மாதிரி இருந்தது. திரும்பி இறங்கும்போது பள்ளங்களில் வண்டியை அப்படியே விட்டார். முதுகு வலித்தது.

மறுநாள் டாக்டரிடம் நான் மட்டும் உள்ளே போனேன், அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால் நானும் இத்தனை நாள் தூங்கியிருப்பேனேம்மா என்றார். நான் தரையைப் பார்த்தேன். என்னோடு சேர்ந்து இன்னொருத்தியும் தூக்கம் கெட்டிருக்கிறாள் என்பது எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. சேலத்துச் சீட்டைக் கிழித்துப்போட்டார், தைராய்டையும் மற்றதையும் மட்டும் எதற்கும் பார்த்துவிடலாம் என்றார். பிறகு சீக்கிரம் நின்றால் எலும்பும் சீக்கிரமே கரைய ஆரம்பிக்கும் என்று விளக்கினார். எலும்பு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதை அடர்த்தி பார்க்கிற ஸ்கேன் சொல்லும், எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை ரத்தம் சொல்லும், ரத்தத்தை மட்டும் வைத்து நோய் இருக்கிறது என்று முடிவு கட்ட முடியாது என்றார். ஸ்கேன் எடுத்தார்கள். தேய்ந்துதான் இருந்தது, ஆனால் உடைகிற அளவுக்கு இன்னும் போகவில்லை. மாத்திரை கொடுத்தார், சில மாதம் கழித்து மறுபடி வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வரச் சொன்னார், வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்க்க.

கேன்சர் இல்லை என்று மட்டும் என் வீட்டுக்காரர் வீட்டில் சொன்னார். ஏன் இல்லை என்பதை என் வாய்க்கு விட்டுவிட்டார். மாமியார் மாரியம்மனுக்குச் சூடம் ஏற்றினார். ஓர்ப்படி கேசரி கிளறினாள். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன், ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த தேதி வந்த அன்று விடியற்காலையில் நான் அடுப்பங்கரையில் இருந்தேன். ஓர்ப்படி பால் சொம்போடு உள்ளே வந்தவள், உனக்கு இன்னிக்கு நாளாச்சே அக்கா என்றாள். அவள் என் தேதியை மனசில் வைத்திருந்தாள். அந்த நாளுக்காக முதல் நாளே மாவு அரைத்து, விறகு பிளந்து வைத்துக்கொள்வாளாம், மறுநாள் ரெண்டு பேர் வேலை இருக்குமே என்று. அதுவே எனக்கு அன்றுதான் தெரியும்.

சொன்னேன். அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

அவள் சொம்பைக் கீழே வைத்தாள். கத்துவாள், மாமியாரைக் கூப்பிடுவாள் என்று நினைத்தேன். பாலை வடிகட்டினாள், அடுப்பில் ஏற்றினாள், பொங்கி வரும்வரைக்கும் நின்றாள். இறக்கிவைத்த பிறகு, இடுப்பில் கையை வைத்து மெதுவாக நிமிர்ந்தாள். அவள் அப்படி நிமிர்வதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். பார்த்ததே இல்லை என்றும் சொல்லலாம்.

"எனக்குந்தான் முதுகு வலிக்குது அக்கா. நான் இன்னா பொய் சொல்லட்டும்?"

அவ்வளவுதான் சொன்னாள். எனக்குக் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டாள். அந்தக் காபியை என்ன செய்வது என்று தெரியாமல் வைத்துக்கொண்டு நின்றேன். உர மூட்டை அறையில் நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் இங்கே ஒருத்தி குனிந்திருக்கிறாள். அந்தக் கதைகளில் ஒன்றில் வீட்டுப் பெண்களின் உழைப்பைப் பற்றி ரொம்ப உருக்கமாக எழுதியிருந்தேன். நாலு பேர் பாராட்டி போன் செய்தார்கள். அதை இப்போது எடுத்துப் படிக்க எனக்குத் தைரியமில்லை.

ஓர்ப்படி அதன் பிறகு என்னோடு பேசினாள், ஆனால் கேலி செய்யவில்லை. நான் மறுபடி ரத்தம் கொடுக்கப் போகவேண்டிய நாள் வந்தபோது, நீயும் வா, உன் முதுகையும் காட்டிடலாம் என்று கூப்பிட்டேன். இரண்டு மூன்று முறை கூப்பிட்ட பிறகு வந்தாள். இரண்டு பேரும் காபி குடிக்காமல் முதல் பஸ் பிடித்தோம். அடுப்பை அன்றைக்கு மாமியார் பார்த்துக்கொண்டார். முணுமுணுத்துக்கொண்டுதான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வரிசையில் கூட்டம். ஆண்கள், பெண்கள், எங்கள் ஊர்க்காரர்களே நாலைந்து பேர். முகாமுக்கு வந்த அதே நர்ஸ், அதே குரல். ஓர்ப்படியிடம் பேர் கேட்டார், வயசு கேட்டார், தீட்டு வருதா நின்னுபோச்சா என்று கேட்டார்.

"வர்துங்க. கரெக்டா வர்து" என்றாள். சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அந்தக் கண்ணில் பழைய கேலி கொஞ்சம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு குத்தலும் இருந்தது, அது எனக்கு வேண்டியதுதான்.

"உங்களுக்கும்மா?" என்றார் நர்ஸ் என்னிடம்.

பின்னால் எங்கள் தெரு உரக்கடைக்காரர் நின்றிருந்தார். பக்கத்தில் அவர் மகன். என் காது சுட்டது. இத்தனை நடந்த பிறகும், சொல்லவேண்டியவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்ட பிறகும், என் தலை தானாகக் குனிந்தது. நின்னுபோச்சுங்க என்றேன், புடவைத் தலைப்பிடம் சொல்வதுபோல. நர்ஸுக்குக் கேட்கவில்லை. சத்தமா சொல்லுங்கம்மா என்றார்.

எனக்காக ஓர்ப்படி சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தாள்.

நான் சத்தமாகச் சொன்னேன்.